பல்லுக்குள் நின்ற படகு

ஒரு ஊருக்கு ஒரு கடல் இருந்ததாம், அந்தக் கடலுக்கு ஒரு ஊர் இருந்ததாம், எது எதுக்குச் சொந்தம் என்று ரெண்டுக்கும் தீராத வழக்கு இருந்ததாம். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலே, சிப்பிமுனை என்ற அந்த ஊரில் தஸ்நேவிஸ் என்று ஒருவன் இருந்தான், அவனுக்குக் கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

பல்வலி எல்லாருக்கும் வருவதுதான். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது, பிறகு சுடுதண்ணீர் பட்டால் சுரீர் என்றது, பிறகு ஒன்றுமே படாமல், காது வரைக்கும் கழுத்து வரைக்கும், யாரோ உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுப்பது போல இழுத்தது. கிராம்பை வைத்துக் கடித்தான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான், மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினான், என்ன செய்தும் படகு தங்கலுக்குப் போகிற அன்று மத்தியானம் கன்னம் உப்பிக் கண் பாதி மூடிவிட்டது. தங்கல் என்றால் போன அன்றே திரும்பாமல் கடலிலேயே நங்கூரம் போட்டுத் தங்கி மீன் பிடிப்பது, அதற்குப் பல்வலிக்காரனைக் கூட்டிப் போக முடியாது. படகு அவனுடைய அண்ணன் சேசடிமையுடையது. அண்ணன், இஞ்சின் ஓட்டுகிற கப்ரியேல், புதுமாப்பிள்ளை டெரன்ஸ், இவன் என்று நாலு பேரும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். அன்றைக்கு மூன்று பேர் ஏறினார்கள்.

"பல்லுக்குப் பயந்து கரையில நிக்குத மொத ஆளு நீதாம்ல," என்று அண்ணன் படகின் முன்பக்கத்து அணியத்தில் நின்று சிரித்தான். "பொம்பளையளோட உக்காந்து கருவாடு காயப் போடு, நாங்க வந்து ருசி பாக்கோம்."

தஸ்நேவிஸ் பதிலுக்கு ஏதோ கத்தினான். கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்ததாலும் இஞ்சின் போட்டுவிட்டதாலும் அது யாருக்கும் விளங்கவில்லை. அண்ணன் காதில் கை வைத்து, என்ன என்பது போலத் தலையை ஆட்டினான், பிறகு கையை வீசினான், படகு திரும்பிவிட்டது.

மறுநாள் காற்று திரும்பியது. அப்படியொரு காற்றை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன், பார்த்திருக்கிறது, மறந்திருந்தது. கோயில் கொடிமரம் வளைந்தது, ஏலக்கூடத்துத் தகரங்கள் பறந்துபோய் உப்பளத்தில் விழுந்தன, மற்ற படகுகளெல்லாம் எங்கெங்கோ ஒதுங்கி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, சேசடிமையின் படகு மட்டும் வரவில்லை. கப்பல் போய்த் தேடியது, மேலே பறந்து தேடினார்கள், ஊர்க்காரர்களே போய்த் தேடினார்கள். ஒரு பலகை இல்லை, ஒரு மிதவை இல்லை.

சிப்பிமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், கடல் ஏதாவது ஒன்றைத் திருப்பித் தருகிற வரைக்கும், உடம்பாகட்டும், சட்டையாகட்டும், பேர் எழுதிய பலகையாகட்டும், கோயிலில் துக்கமணி அடிக்கமாட்டார்கள். அதைக் கடலின் பதில் என்பார்கள். பதில் வராமல் மணி கிடையாது, மணி அடிக்காமல் பூசை கிடையாது, பெண்டாட்டி தாலியைக் கழற்றமாட்டாள், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்க்கமாட்டாள், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் ஊரையே சுற்றி வருவாள். சேசடிமையின் மனைவி பெர்பெத்துவும், கப்ரியேலின் மனைவி லீத்தாளும், டெரன்ஸின் மனைவி ஜான்சியும் அப்படித்தான் சுற்றி வந்தார்கள்.

தஸ்நேவிஸ் பல்லைக் காட்டப் போகவேயில்லை. இந்தப் பல்தானே என்னைக் கரையில் நிறுத்தியது, அது வலிக்கிற மட்டும் வலிக்கட்டும் என்று இருந்துவிட்டான். வீக்கம் வந்தது, வற்றியது, மறுபடி வந்தது. வலைக்கு முடிச்சுப் போட்டபடியே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருப்பான், பார்க்கிறவர்களுக்கு ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிறவன் போலத் தோன்றும். கடைசியில் ஒருநாள் கஞ்சி குடிக்கக்கூட வாய் திறக்க முடியாமல் போனதும், அவன் மனைவி சலேத், "வாரியளா, இல்ல ஆள வச்சுத் தூக்கிட்டுப் போவட்டுமா," என்று கேட்டு, டவுனுக்குப் போகிற பஸ்ஸில் அவனை ஏற்றினாள்.

பல் டாக்டர் பேர் ருக்கையா. படியேறினதும் செருப்பைக் கழற்றச் சொன்னார், நாற்காலியில் சாய்த்தார், படம் எடுத்தார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"உள்ளே இருக்கிற நரம்பு எப்பவோ செத்துப்போச்சு. செத்தது வெளியே போக வழியில்லாம உள்ளேயே கிடக்குது, அதான் சுத்தியிருக்கிற உயிருள்ள இடமெல்லாம் வலிக்குது."

"அப்பம் புடுங்கிருங்க," என்றாள் சலேத்.

"எதுக்குப் பிடுங்கணும்? பல்லு நல்ல உறுதியா இருக்கு. வேர் வரைக்கும் போயி, செத்ததை மட்டும் எடுத்துட்டு, அந்த வழியைச் சுத்தம் பண்ணி அடைச்சிரலாம். ரூட் கேனால். பல்லு அப்படியே நிக்கும், கடிக்கலாம், மெல்லலாம். வலி தெரியாது, அவ்வளவுதான்." பிறகு படத்தில் ஓரிடத்தில் பேனாவை வைத்தார். "இந்த ஒரு வேர் மட்டும் நுனியில கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. இதுதான் படுத்தும்."

தஸ்நேவிஸ் அந்த வளைவை வெகுநேரம் பார்த்தான். எங்கேயோ பார்த்த வளைவு போல இருந்தது.

மிஷின் பல்லுக்குள் இறங்கியது. முதலில் சீழ் வந்தது, நாற்றம் வந்தது, சலேத் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சீழ் வடிந்த பிறகு வேறொரு வாசனை வந்தது, டீசலும் பாசியும் நனைந்த கயிறும் சேர்ந்த வாசனை, அதன் பின்னாலேயே துக்துக்துக் என்று ஒரு சத்தம், டாக்டர் மிஷினை நிறுத்தினார், சத்தம் நிற்கவில்லை. பிறகு பல்லுக்குள்ளிருந்து, சின்னதாக, ஆனால் தெளிவாக, சேசடிமை பேசினான்.

"இஞ்சின அமத்துல கப்ரியேலு. நின்ன இடத்துல நின்னு டீசலக் குடிக்கு."

டாக்டர் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் குனிந்து கேட்டார்.

"யாரோ பேசுறாங்க."

"எங்க அண்ணே," என்றான் தஸ்நேவிஸ், வாய்நிறையப் பஞ்சோடு.

"சரி. அசையாதீங்க," என்றார் டாக்டர். கை கழுவிவிட்டு வந்து, சீழ் முழுக்க வடிய வேண்டும் என்பதால் பல்லைக் கொஞ்ச நாளைக்குத் திறந்தே விடுவதாகவும், சாப்பிடும்போது மட்டும் பஞ்சு வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே ஒரு பருக்கை போகக்கூடாது, அடுத்த வாரம் கண்டிப்பாக வர வேண்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வாயை மூடியிருந்தாலும் அவன் மண்டைக்குள் மூன்று பேரும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்.

முதலில் பெர்பெத்து மதினியின் வீட்டுக்குத்தான் போனான். அடுப்படியில் இருந்தவள் எழுந்து வந்தாள். அவன் வாயைத் திறந்துகொண்டு அவள் முன்னால் மண்டியிட்டான், சலேத் விஷயத்தைச் சொன்னாள், பெர்பெத்து கொண்டையை ஒதுக்கிக்கொண்டு அவன் வாயருகே காதைக் கொடுத்தாள். உள்ளே சேசடிமை, தூண்டில் பெட்டியை யார் திறந்து போட்டது என்று டெரன்ஸை வைதுகொண்டிருந்தான். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு நிமிர்ந்து, "அவுகதான்," என்றாள். "இருமுதாக. நனைஞ்ச சட்டையோடயே இருக்காக போல."

அன்று சாயந்திரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஊர் என்ன செய்யுமோ அதைச் செய்தது. காலைப் பூசை முடிந்ததும் ஏலக்கூடத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் தஸ்நேவிஸ் உட்காருவான், எச்சில் வடிய மடியில் ஒரு துண்டு, வாயைத் திறந்து வைத்திருப்பான், பெண்டுகள் மூவருக்கும் முதல் இடம், பிறகு சொந்தக்காரர்கள், பிறகு அண்டை அயல், பிறகு சும்மா கேட்கிறவர்கள் என்று வரிசை நிற்கும். மீன் ஏலம் போடுகிற சம்மாட்டிகூட அந்த நேரத்துக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பக்கத்து ஊர் ஆட்கள் வந்து, உள்ளே இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் மீன் என்று ஏதாவது சொன்னார்களா என்று விசாரித்துப் போனார்கள். பங்குச்சாமியார் ஒருநாள் வந்து கேட்டார், உள்ளே கப்ரியேல் கெட்ட வார்த்தையில் கடலைத் திட்டிக்கொண்டிருந்தான், சாமியார் நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டு, நல்ல சுகமாக இருக்கிறான் என்று லீத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியே பேசுவது கேட்காது. ஜான்சி ஒருநாள், "ஏங்க, நான்தான், ஜான்சி," என்று பல்லைப் பார்த்து எத்தனையோ தடவை கூப்பிட்டாள், உள்ளே டெரன்ஸ், "எங்கியோ தூரத்துல இடி இடிக்குண்ணே," என்றான். தஸ்நேவிஸ் சூடாகத் தேத்தண்ணி குடித்தால் அங்கே மழை சுடுகிறது என்றார்கள், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வாடைக்காற்று என்று சாக்கைப் போர்த்தினார்கள். ஆனால் ஒன்று மட்டும் அப்படியே போய்ச் சேர்ந்தது. ஒருநாள் சலேத் வைத்த சாளைக் குழம்பை அவன் மறந்துபோய் அந்தப் பக்கமே வைத்து மென்றுவிட்டான், வலியில் கண்ணில் பொறி பறந்தது, அதே நேரம் உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் போய், பிறகு கப்ரியேல் மெதுவாகச் சொன்னான், "எவ வீட்டுலயோ கொழம்பு கொதிக்கு. வாசன கடல் வரைக்கும் வருது பாரு."

அவ்வளவுதான், அன்றிலிருந்து பிடித்தது. லீத்தாள் கணவாய் வறுத்துக் கொண்டுவந்தாள், கப்ரியேலுக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். ஜான்சி மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு கொண்டுவந்தாள், கல்யாணமாகி அவள் முதன்முதலாக வைத்த குழம்பு அது, அன்றைக்கு உப்பு கூடிப்போயிற்று, டெரன்ஸ் ஒன்றும் சொல்லாமல் தின்றான், அதனால் இப்போதும் உப்பைக் கூட்டியே வைத்தாள். பெர்பெத்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் மாசிச் சம்பலும் கொண்டுவந்தாள். ஒவ்வொருத்தியும் பஞ்சைத் தானே விரலால் எடுத்துவிட்டு, "அந்தப் பக்கமா வச்சு மெல்லுங்க, நல்லா மெல்லுங்க," என்று நின்று பார்த்தாள். அவனும் மென்றான். ஒவ்வொரு கடிக்கும் காதுக்குள் கம்பி பாய்ந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, உள்ளே மூன்று பேரும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, இது இன்ன வீட்டு அடுப்பு, இது இன்னாள் கைப்பக்குவம் என்று சண்டை போட்டார்கள், வெளியே மூன்று பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. அதைப் பார்த்துவிட்டு எந்த மனுசனால் மெல்லாமல் இருக்க முடியும்?

டாக்டர் சொன்ன வாரம் வந்தது, போனது. போனால் அடைத்துவிடுவார் என்று அவன் போகவில்லை.

சலேத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "வாயத் தொறந்தா ஊரே கூடுது, கட்டினவகிட்ட பேசுததுக்கு மட்டும் வாயில வலியாம்," என்று முதலில் கேலியாகத்தான் சொன்னாள். வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கி, காய்ச்சல் வந்து, தண்ணீர் விழுங்கினால் மூக்கால் வரத் தொடங்கியபோது கேலி நின்றுவிட்டது. ஏலக்கூடத்துக்கு வந்து வரிசையின் முன்னால் நின்றாள்.

"எம் புருசன் வாயி என்ன கோயில் மைக்கா, ஆளுக்கு ஒரு மணி நேரம் வந்து ஒட்டிக்கிட்டு நிக்கதுக்கு? டாக்டரு போன்ல சொல்லுதாவ, வீக்கம் இன்னும் எறங்குனா மூச்ச அடைச்சிருமாம். உங்க ஆளுவள நான் தூக்கிட்டுப் போவல. எம் ஆள எனக்கு விட்டுருங்க."

வரிசை ரெண்டடி பின்னால் நகர்ந்தது. ஜான்சி மட்டும் சட்டியைக் கையில் பிடித்தபடி, "அக்கா, ஒங்களுக்கு ராத்திரியில கைய நீட்டுனா ஆளு கெடக்காவ," என்றாள். "எனக்கு இந்தப் பல்லுதாங்கா இருக்கு. அண்ணே, மூடிராதிய. உள்ள இருட்டி அவுகளுக்குக் கண்ணு தெரியாமப் போயிரும்."

கோயில் உபதேசியார் நடுவில் புகுந்து, பல்லைப் பிடுங்கிக் கண்ணாடிச் சொம்பில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டால் இவனும் பிழைப்பான், அவர்களும் இருப்பார்கள் என்று ஒரு யோசனை சொன்னார். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. சலேத் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். "பிடுங்கின பல்லு வெறும் எலும்பும்மா, அதுல ஒண்ணும் இருக்காது," என்றார் டாக்டர். "அவரைக் கூட்டிட்டு வாங்க முதல்ல."

தஸ்நேவிஸ் இதையெல்லாம் காய்ச்சல் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரே ஒரு நினைப்பு. பேசுகிற வரைக்கும் அண்ணன் இருக்கிறான், இருக்கிற வரைக்கும் ஒருநாள் வந்துவிடுவான், தான் மூச்சுத் திணறிச் செத்தாலும் பல்லைத் திறந்து வைத்தே சாக வேண்டும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் வரிசை வரவில்லை, பெர்பெத்து மட்டும் வீட்டுக்கு வந்தாள். கையில் சட்டி இல்லை. பாயில் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மூன்று பேரும் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஏலேலோ என்று அண்ணன் எடுத்துக் கொடுக்க மற்ற இருவரும் சேர்ந்து இழுக்க, ஒவ்வொரு இழுப்புக்கும் பாயில் கிடந்தவன் உடம்பு வில்லாக வளைந்தது.

"பாருல நல்லா மாட்டிக்கிட்டுண்ணே," என்றது டெரன்ஸின் குரல். கடலுக்கடியில் இருக்கும் பாறையைத்தான் அங்கே பார் என்பார்கள். "கயித்த அறுத்துட்டுப் போயிருவமா? எவ்வளவு நாளாத்தான் ஒரே எடத்துல நிக்க?"

"அறுக்கதாவது," என்றது சேசடிமையின் குரல். இருமினான். "தம்பி பட்டறையில கூடவே நின்னு அடிச்சுக்கிட்டு வந்த நங்கூரம்ல இது. அத வுட்டுட்டுப் போனா அவன் மூஞ்சியில எப்பிடி முழிக்க? இன்னும் ஒருக்க இழுங்கல."

பெர்பெத்து நிமிர்ந்தாள். கேட்டியா என்பது போல அவனைப் பார்த்தாள். அவனுக்கென்ன, அவன் மண்டைக்குள் நடக்கிறது, அவன் எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். டாக்டர் காட்டிய படத்தில் பார்த்த அந்த வளைவு எது என்றும் அவனுக்கு எப்போதோ விளங்கியிருந்தது, பட்டறையில் நின்று இன்னும் கொஞ்சம் வளை, இன்னும் கொஞ்சம் வளை என்று கொல்லனிடம் சொல்லி வாங்கிய நங்கூரக் கொம்பு அது.

"தம்பி," என்றாள் பெர்பெத்து. "அவுக நமக்காக நிக்கல. போவ முடியாம நிக்காக."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒங்க அண்ணன எனக்குத் தெரியும். அறுக்க மாட்டாக. ஒலகம் அழிஞ்சாலும் அங்கியே நின்னு இழுத்துக்கிட்டுக் கெடப்பாக. இங்கிட்டிருந்துதான் விடணும்."

"விட்டா கரைக்கு வருவாவளா மதினி?"

அவள் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "வந்தா வரட்டும். போனா போவட்டும். நடுக்கடல்ல நிக்க வச்சிக்கிட்டுக் கொழம்பு ஊத்த வேண்டாம்."

முதலில் வீக்கம் வற்ற வேண்டும் என்று டாக்டர் ஊசி போட்டு மருந்து கொடுத்தார். அந்த நாட்களில் பெர்பெத்து சொன்னதால் யாரும் சட்டி கொண்டுவரவில்லை, பஞ்சு பல்லிலேயே இருந்தது. உள்ளே ஒருநாள் கப்ரியேல், "கொழம்பு வாசன நின்னுபோச்சே," என்றான். "மாசக் கடைசியா இருக்கும்," என்றான் டெரன்ஸ். அதைத் தஸ்நேவிஸ் லீத்தாளிடமோ ஜான்சியிடமோ சொல்லவில்லை.

பல்லை மூடுகிற அன்றைக்கு ஊரே டவுனுக்கு வந்தது. டாக்டர் வீட்டுப் படியில் தொடங்கித் தெருமுனை வரைக்கும் செருப்பு. பெர்பெத்துவையும் லீத்தாளையும் ஜான்சியையும் மட்டும் உள்ளே விட்டு, சுவரோரமாக நிற்கச் சொன்னார் டாக்டர். ஈறில் ஊசி போட்டார். உதடு தடித்தது, நாக்கு பாதி காணாமல் போனது, வலது கன்னம் யாரோ ஒருவருடைய கன்னமாயிற்று. பிறகு மயிரிழை போன்ற சின்னஞ்சிறு அரத்தை எடுத்துப் பல்லுக்குள் விட்டார், அதோடு இணைத்திருந்த கருவி வேரின் ஆழத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டே வந்தது, படகில் கடலாழம் பார்க்கிற மிஷினும் அதே போலத்தான் கூவும் என்பதால் சுவரோரம் நின்ற மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மற்ற வேர்கள் சுலபமாக முடிந்தன. வளைந்த வேரில் அரம் நின்றது.

"இங்கதான் பிடிக்குது," என்றார் டாக்டர்.

உள்ளேயிருந்து சேசடிமையின் குரல் வந்தது. "மொரட்டுத்தனமா இழுக்காதியல. கயித்தத் தளத்து. படக முன்னால விட்டு, பின்னால வாங்கி, மெள்ள ஆட்டிக் குடு. பாரு அதா விடும்."

டாக்டரின் விரல்கள் முன்னால் விட்டு, பின்னால் வாங்கி, மெல்ல ஆட்டிக் கொடுத்தன. அவர் குரலைக் கேட்டுச் செய்தாரா, வளைந்த வேரில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று படித்திருந்தாரா, தெரியாது. அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை, நடுவில் ஒரு கொக்கி. விறைத்துப்போன தாடைக்குள் தஸ்நேவிஸ் வலியைத் தேடினான். அண்ணன் இழுக்கிற இழுப்பை இவ்வளவு நாளாக எலும்பால் அறிந்தவன், கடைசி இழுப்பு மட்டும் அவனுக்குத் தெரியவேயில்லை.

"ஆ, வந்துட்டு," என்றது குரல். "கொம்பு ஒடியாம முழுசா வந்துட்டு பாருங்கல, தம்பி நங்கூரம்."

இஞ்சின் இருமிப் பிடித்தது. துக்துக்துக்.

"எங்கிட்டு விடணும்ணே?" என்றான் கப்ரியேல்.

அண்ணன் ஏதோ சொன்னான். அதே நேரம் டாக்டர் பல்லுக்குள் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார், உறிஞ்சுகிற குழாய் கொர்ரென்றது, அவன் எந்தப் பக்கம் சொன்னான் என்பது ஒருவருக்கும் கேட்கவில்லை. குழாயை எடுத்தபோது இஞ்சின் சத்தம் தூரத்தில் இருந்தது, பிறகு இன்னும் தூரத்தில், பிறகு அது இஞ்சினா தங்கள் நெஞ்சா என்று சுவரோரம் நின்றவர்களுக்குத் தெரியாத தூரத்தில்.

டாக்டர் வேரைக் காயவைத்தார். "மூடட்டுமா?" என்று கேட்டார்.

தஸ்நேவிஸ் கூரையைப் பார்த்தான். பெர்பெத்துவைப் பார்த்தான். பிறகு தலையை ஒருமுறை அசைத்தான். இளஞ்சிவப்பாக நூல் போன்ற ரப்பர்க் குச்சிகளை ஒவ்வொரு வேரிலும் விட்டு, சூடு காட்டி அமுக்கி, மேலே வெள்ளையாக அடைத்து, கடித்துப் பாருங்கள் என்றார் டாக்டர். கடித்தான். கட்டாந்தரையைக் கடித்தது போல இருந்தது.

ஊர் திரும்பி வந்து நேராகக் கடற்கரைக்குத்தான் போனது. நங்கூரம் எடுத்தாயிற்று, இஞ்சின் போட்டாயிற்று, இனி வருகிற படகு வந்துதானே ஆக வேண்டும். லீத்தாள் வீட்டுக்கு ஓடிப்போய் உலர்ந்த சட்டையும் கைலியும் எடுத்து வந்தாள். ஜான்சி குழம்புச் சட்டியோடு அலை கால் நனைக்கிற இடத்தில் நின்றாள். உச்சி சாய்ந்தது, பறவைகள் திரும்பின, வேறு ஊர்ப் படகுகள் இரண்டு மூன்று தூரத்தில் தோன்றித் தோன்றி வேறு பக்கம் போயின, ஒவ்வொன்று தோன்றும்போதும் கூட்டம் எழுந்து நின்றது, ஒவ்வொன்று திரும்பும்போதும் உட்கார்ந்தது. தஸ்நேவிஸ் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் வலது கண்ணிலிருந்து வடிந்தது அவனுக்கே தெரியவில்லை, சலேத்தான் முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டாள்.

வெயில் மஞ்சளானபோது பெர்பெத்து எழுந்து உபதேசியாரிடம் போனாள்.

"மணிய அடிங்க."

"பதில் வரலயேம்மா," என்றார் அவர். "ஒரு பலகையாவது வந்தாத்தான…"

"வந்துட்டு," என்றாள் பெர்பெத்து. "இவ்வளவு நாளும் எல்லாரும்தான் கேட்டோம். இன்னும் என்ன பதில் சொல்லணும் அது?"

உபதேசியார் அவளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கோயிலுக்குப் போனார். துக்கமணி அடித்தது. கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு நடந்தது. லீத்தாள் கொண்டுவந்த சட்டையைக் கொண்டுவந்தபடியே மடித்து மார்போடு வைத்துக்கொண்டு போனாள். பெர்பெத்து போகும்போது கொழுந்தனின் தலையில் ஒரு கணம் கை வைத்தாள், அந்தக் கை லேசாக இருந்தது. ஜான்சி மட்டும் நின்றாள். பிறகு குனிந்து, சட்டியைச் சரித்து, குழம்பை அலையில் ஊற்றினாள், அலை அதை வாங்கிக்கொண்டு போனது, "உப்பு கொஞ்சம் கூட," என்று யாருக்கோ சொன்னாள், வெறும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் போனாள்.

"வாங்க," என்றாள் சலேத்.

"நீ போ. வாரேன்."

அவள் போனாள். கடற்கரையில் அவன் மட்டும் இருந்தான். மரத்துப்போன கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, முதலில் உதடு, பிறகு நாக்கு, பிறகு தாடை. எல்லாம் திரும்பி வந்த பிறகு பல்லை நகத்தால் தட்டிப் பார்த்தான், ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல. வலிக்கவில்லை. பல் உறுதியாக நின்றது.

அன்றைக்குக் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்து என்ன கத்தினான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். நில்லுண்ணே, ரெண்டு நாள் கழிச்சு நானும் வாரேன் என்று கத்தினான். இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

எழுந்தான். வாயில் துண்டு இல்லை, வீக்கம் இல்லை, வார்த்தை தெளிவாக வந்தது.

"நிக்க வேண்டாம்ணே," என்றான் கடலைப் பார்த்து. "போங்க."

வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். பிறகு திரும்பி, வீட்டைப் பார்த்து நடந்தான்.